வெட்டுக் குறிக்கு வெளியே

ரோசரியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னால் எனக்குக் கை கூசும். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊரான புக்கிட் பெலிம்பிங்கில் அவளை என் அளவுக்குக் கவனித்தவர்கள் யாரும் கிடையாது. அவள் புருஷன் ஆர்தர்கூடக் கிடையாது. எந்தக் கல்யாணப் பத்திரிகைக்கு எந்த ஓரப்பூ போட்டாள், எந்தக் கருமக்கிரியை கார்டில் இறந்தவரின் முகத்தைச் சற்றே வெளுப்பாக்கினாள், எந்தத் திருவிழா நோட்டீஸில் ஒற்றெழுத்தை விட்டாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. பிடித்தவர்களைக்கூட யாரும் இப்படிக் கவனிப்பதில்லை.

என் கடை கோல சிலாங்கூர் பழைய பசாருக்குப் பின்வரிசையில் இருக்கிறது. நகல் எடுப்பது, லேமினேட் போடுவது, பத்திரிகை, நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு என்று எல்லாம் உண்டு. ரோசரி வருவதற்கு முன்னால் இந்த வட்டாரத்தில் தமிழில் எதை அடிக்க வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். "அன்பரசி கடைக்குப் போ" என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். "கடைக்குப் போ" என்றாலே போதும், ஆள் என் வாசலில் வந்து நிற்பார்.

ரோசரி கலும்பாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பா பால் மரம் வெட்டியவர், அம்மாவும் அப்படியே. தோட்டம் கைமாறி லயத்தை இடித்தபோது குடும்பம் கிள்ளானுக்குப் போனது. அங்கே ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கிற வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மடிக்கப் போனவள் மடித்துக்கொண்டே இருந்திருக்கலாம். இவள் அப்படி இருக்கவில்லை. கணினி முன்னால் இருந்த பெண் பிரசவத்துக்குப் போன சமயம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், அது வேறு எனக்கு எரிச்சல்.

ஆர்தர் சுங்கை பெசாரிலிருந்து நெல் ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். கல்யாணம் ஆகி புக்கிட் பெலிம்பிங்குக்கு வந்ததும், வீட்டு முன்னறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெயர்ப்பலகைகூட மாட்டவில்லை. பலகை மாட்டியிருந்தால் நானும் முறையாகச் சண்டைக்குப் போயிருப்பேன்.

முதலில் என் கையை விட்டுப் போனது வேலம்மா வீட்டுக் கல்யாணம். வேலம்மா எனக்கு ஒருவகையில் அத்தை முறை. பத்திரிகையை ரோசரியிடம் அடித்துவிட்டு, எனக்குக் கொடுக்க வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காத அன்பு. அந்தப் பொண்ணு அடிச்ச தங்க எழுத்த தடவிப் பாரேன். மேல தூக்கிக்கிட்டு நிக்குதுலா."

தடவிப் பார்த்தேன். தூக்கிக்கொண்டுதான் நின்றது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. தோட்டம் இப்போது செம்பனைக் காடு, ஆட்கள் எல்லாரும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள், கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. கும்பாபிஷேகத்துக்கு ஒரு சிறப்பு மலர் போடுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. அட்டை பளபளவென்று, உள்ளே முழுக்கக் கலர்.

அந்த மலர் எனக்கு ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கோயிலைக் கட்டும்போது என் அப்பா செல்லையா மண் சுமந்தவர். வேலை முடிந்து வந்து மாலையெல்லாம் சுமந்தாராம், சம்பளம் இல்லாமல். கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் காசு கொடுத்தவர்கள் பெயர்தான் இருக்கிறது, சுமந்தவர்கள் பெயர் இல்லை. மலரின் கடைசிப் பக்கத்தில் கீழே ஒரு வரி வரும்: வடிவமைப்பு இன்னார் என்று. அந்த இடத்தில் 'அன்பரசி செல்லையா' என்று வர வேண்டும். என் பெயரோடு ஒட்டிக்கொண்டு அப்பா பெயரும் அந்தக் கோயிலுக்குள் போய்விடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கோயில் தலைவர் தங்கராஜு அண்ணன் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"கிள்ளான் பிரஸ்காரன் பிரிண்ட் ரெடி பிடிஎஃப் வேணுங்கிறான். என்ன எழவோ எனக்குப் புரியல. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் செஞ்சு கொண்டாங்க. யாரோடது நல்லா இருக்கோ, அவங்களுக்கே மலர்."

எனக்கும் அப்போது புரியவில்லை என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை. அதுவரை நான் கடிதம் அடிக்கிற சாதாரண மென்பொருளில், பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து, அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்து வந்தேன். என் கடையிலேயே அச்சடிப்பதால் ஒரு குறையும் தெரியவில்லை. சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு பக்கத்தைக் கிள்ளானுக்கு அனுப்பினேன். அச்சகக்காரர் போன் போட்டார்.

"என்னக்கா, மலாய்ல அடிச்சிருக்கீங்களா?"

'அருள்மிகு' என்று நான் அடித்தது அவர் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறதாம். எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள்ளேயே அடக்கி அனுப்ப வேண்டும் என்றார். படங்கள் நாலு மை நிறத்துக்கு மாற வேண்டும் என்றார். கடைசியாக, "பிளீட் விட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். விட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் ரவீந்திரனிடம் பிளீட் என்றால் என்ன என்று கேட்டேன்.

"ரத்தம் வடியறதுலா," என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பக்கத்தின் நிறமும் படமும் வெட்டுகிற கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வழிந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளை தெரியும், அதுதான் பிளீட் என்று பிறகு நானே தேடிப் படித்துக்கொண்டேன்.

ஆக, வேறு மென்பொருள் எடுத்தே ஆக வேண்டும். எதை எடுப்பது? ஊரில் தெரிந்தவளிடம் கேட்பதுதான் முறை. ஊரில் தெரிந்தவள் ரோசரி. அவளிடம் கேட்பதைவிட நான் கடையைப் பூட்டிவிட்டு இறால் உரிக்கப் போவேன். அதனால் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ரோசரி எதைப் பயன்படுத்துகிறாளோ அது எனக்கு வேண்டாம். அவள் பயன்படுத்துவது என்னவென்று தெரியாது என்பது இந்த விதியில் இருந்த ஒரே சிக்கல்.

முதலில், கைபேசியிலேயே கார்டு செய்கிற ஒன்றைப் பிடித்தேன். பூவும் புகையுமாகப் பார்க்க அழகாக இருந்தது. பெரிதாக அச்சடித்துப் பார்த்தால் அம்மன் முகம் மழையில் நனைந்த நோட்டீஸ் மாதிரி கலங்கிக் கிடந்தது. அதை விட்டேன்.

அடுத்தது, மாதாமாதம் வாடகை கேட்கிற பெரிய மென்பொருள். சோதனைக்குச் சில நாள் சும்மா கொடுத்தார்கள். 'தெய்வம்' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'கொடி' அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளிவட்டம். எங்கோ உள்ளே ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று போட்டிருந்தது. தேடினால் கிடைத்திருக்கும். ஆனால் அதற்குள் எனக்கு வேறு நினைப்பு வந்துவிட்டது. கிள்ளான் அச்சகத்தில் இருந்தவள் இதைத்தானே பிடித்திருப்பாள்? கட்டாயம் இதுதான். அழித்துவிட்டேன்.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. கோயில் போகிற வழியில் கண்மணி அக்கா வடை போடுகிறார். வடையைக் கழிவுத் தாளில் சுற்றித் தருவார். ஒருநாள் பிரித்துப் பார்த்தால், தாள் ரோசரி வீட்டுத் தாள். ஆர்தர் பழைய புரூப் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நான் வடையை ரவீந்திரன் கையில் கொடுத்துவிட்டுத் தாளை மடியில் வைத்து நீவினேன். எண்ணெய் ஊறி மறுபக்கம் தெரிந்தது, பரவாயில்லை. பக்கத்தின் நாலு மூலையிலும் சின்னச் சின்னக் கோடுகள். நாலு ஓரத்தின் நடுவிலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. இது என்ன என்று தெரியாமல் அன்றைக்கு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிள்ளானுக்குப் போன் போட்டு, தெரிந்த மாதிரியே பேசிப் பிடுங்கினேன். மூலைக் கோடு, கத்தி வெட்டுகிற இடம். வட்டம், நாலு மையும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் விழுகிறதா என்று பார்க்கிற குறி. அதற்குப் பிறகு அடிக்கடி வடை வாங்கினேன். ரவீந்திரனுக்கு நெஞ்செரிச்சல் வந்தது, எனக்குக் குறிகள் எல்லாம் மனப்பாடம் ஆனது.

என் பாடு தாங்காமல் ரவீந்திரனே ஒருநாள் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இது இலவசம்லா. கூட்டாளி ஒருத்தன் சொன்னான். போட்டுப் பாரு."

திரை சாம்பல் நிறத்தில் அழுது வடிந்தது. ஆனால் 'தெய்வம்' என்று அடித்தேன், கொம்பு முன்னால் நின்றது. 'கொடி' பறந்தது. எழுத்துரு உள்ளே அடங்கியது, நிறம் நாலு மைக்கு மாறியது, பிளீட் கேட்டால் விட்டது. பிடிஎஃப் எடுக்கிற இடத்தில் ஒரு சின்னக் கட்டம். அதைத் தட்டினால் மூலைக் கோடும் வட்டமும் பக்கத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்தன. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ரோசரியிடம் இல்லாத ஒன்று கடைசியில் என்னிடம் வந்துவிட்டது.

மாதிரிப் பக்கத்தைக் கோபுரப் படத்தோடு செய்தேன். அடியில், பொடி எழுத்தில், 'வடிவமைப்பு: அன்பரசி செல்லையா' என்று போட்டேன். குறிகளை எடுத்துவிட்டு, ஓரம் வெட்டி, கோப்பில் சொருகினேன். நிர்வாகத்தார் பார்க்கிற பக்கம், துப்புரவாக இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கூட்டம், ரவீந்திரனும் கூட வந்தார். ரோசரி மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் செபமாலைச் சிலுவையோடு. அவள் கொண்டுவந்தது பெரிய தாள். அச்சகத்துக்கு என்ன போகுமோ அதை அப்படியே, குறிகளோடு அச்சடித்திருந்தாள். நடுவில் அம்மன் படம். என்ன நிறம், என்ன எழுத்து! அதைப் பார்த்ததும் என் பக்கத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் போல் இருந்தது. வயிறு எரிந்தது என்று சொல்வதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது, எரிந்தது.

செயலாளர் சன்னாசி மாமா தாளைத் தூக்கிப் பிடித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னாது இது? அம்மனச் சுத்தி நாலு பக்கமும் சிலுவை நிக்குது?"

எல்லார் கண்ணும் தாளிலிருந்து ரோசரியின் கழுத்துக்குப் போனது.

"ஐயோ, சிலுவை இல்ல மாமா," என்றாள் ரோசரி. "கலர் சரியா விழுதான்னு பாக்குற குறி. வெட்டும்போது போயிடும். புக்குல வராது."

"வட்டத்துக்குள்ள சிலுவை போட்டுட்டு, குறிங்கிறியே. வரலன்னா எதுக்கும்மா போட்ட?"

"பிரஸ்ல கேப்பாங்க மாமா."

"பிரஸ்காரன் நம்ம தமிழன்தான். அவன் ஏன் சிலுவை கேக்கப் போறான்?"

முதல்முறையாக ரோசரி சிரிக்காமல் நின்றதைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குள் பட்டாசு வெடித்தது. ஒரு வார்த்தை பேசாமல் நான் உட்கார்ந்திருந்தால் போதும், மலர் என்னுடையது. கடைசிப் பக்கம் என்னுடையது.

அப்போதுதான் தங்கராஜு அண்ணன் என் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இத பாருங்க. அன்பரசியோடது. துப்புரவா இருக்கு. பாவம், இந்தப் பெரிய பிரஸ் சமாச்சாரம் எல்லாம் அதுக்குத் தெரியாது. தெரியாததே நல்லதா போச்சுலா."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனசோடுதான் சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ரோசரி தோற்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு ஏதோ தெரியும், எனக்குத் தெரியாது, அதனால் நான் ஜெயித்தேன் என்றா? எண்ணெய்த் தாளை மடியில் வைத்து நீவினவள் நான்.

"யாருக்குத் தெரியாது?" என்று எழுந்தேன். "அது ரெஜிஸ்ட்ரேஷன் குறிலா! மூலையில இருக்கறது வெட்டுக் குறி! நாலு மையும் பிசகாம உக்காரணும்னா அந்த வட்டம் இருந்தே ஆகணும்! இந்தா பாருங்க!"

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தேன். என் பக்கத்தைத் திறந்து கட்டத்தைத் தட்டினேன். என் கோபுரத்தைச் சுற்றி அதே கோடு, அதே வட்டம்.

"எனக்கும் இருக்கு. அப்ப நானும் மாதா கோயில் வேதத்துல சேந்துட்டேனா மாமா?"

சன்னாசி மாமா என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ரோசரி மெல்ல என் பக்கம் வந்து குனிந்தாள்.

"அக்கா, நீங்களும் இதானா? ரவீந்திரன் அண்ணன் வந்து கேட்டப்ப யாருக்கோ வேணும்னாரே. நான்தானே பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தேன்."

நான் ரவீந்திரனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மண்டபத்தின் காற்றாடியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சன்னாசி மாமா அச்சகத்துக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தார். குறி இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார் அச்சகக்காரர். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு ரோசரியிடம், "தப்பா பேசிட்டேன்மா, மனசுல வச்சுக்காத," என்றார். தங்கராஜு அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"கோயில்ல வச்சு ஒரு பொண்ண மனசு நோக பேசிட்டோம். மலரு ரோசரியே செய்யட்டும். அன்பரசி ஒண்ணும் நெனைச்சுக்காது. நம்ம புள்ள."

நம்ம பிள்ளை. நம்ம பிள்ளை என்றால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை, அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

காரில் வரும்போது ரவீந்திரன், "நீ ஏன் வாயத் தொறந்த?" என்றார்.

"நீங்க ஏன் அவ வீட்டுக்குப் போனீங்க? உள்ள உக்காந்தீங்களா? கோப்பி குடிச்சீங்களா?"

"தே ஓ தான்," என்றார், பால் விடாத தேநீர் குற்றத்தில் சேராது என்பது போல.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன், தே ஓ போடவில்லை.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. மலரும் வந்தது. வரிசையில் நின்று ஒரு பிரதி வாங்கி, முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினேன். 'வடிவமைப்பு: ரோசரி ஆர்தர்' என்று இருந்தது. எழுத்து அளவு சரி, இடைவெளி சரி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்தையும் தடவிப் பார்த்தேன். கோடு இல்லை, வட்டம் இல்லை. எந்தக் குறிக்காக எழுந்து கத்தினேனோ, அது ஒன்றுகூட இல்லை. கத்தி எல்லாவற்றையும் வெட்டிவிட்டது. வெட்டத்தானே போட்டது. அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கோயில் வாசலில் நின்று எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் ரோசரி கடைக்கு வந்தாள். என் கடைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல்முறை. என் நகல் இயந்திரத்தைப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்க அக்கா," என்றாள். கையில் சுருட்டி வைத்திருந்த தாளை மேசையில் விரித்தாள். மலரின் கடைசிப் பக்கம். அச்சகத்தில் ஓடி, வெட்டுவதற்கு முன்னால் எடுத்த தாள். நாலு மூலையிலும் கோடு, ஓரங்களின் நடுவில் வட்டம், எல்லாம் அப்படியே. வெட்டுக் குறிக்கு வெளியே, குப்பைக்குப் போகிற அந்த வெள்ளை ஓரத்தில், ஒரு வரி அச்சாகியிருந்தது.

'குறி காத்தவர்: அன்பரசி செல்லையா.'

"உள்ள ரெண்டு பேரு போட தலைவர் விடலக்கா," என்றாள். "வெளிய போடறதுக்கு யார கேக்கணும்?"

அந்தக் கடைசித் தாள் எத்தனை ஓடியதோ, அத்தனையிலும் அப்பா பெயர் ஓடியிருக்கிறது. ஓடிவிட்டு வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. எனக்கு நன்றி சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது வேறு: இப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருக்குமா? மலர் என் கைக்கு வந்திருந்தால் அவள் பெயரை நான் எந்த ஓரத்திலாவது போட்டிருப்பேனா? மாட்டேன். இதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள். என் வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. அவளுக்கு ஒரு தே ஓ வாங்கிக் கொடுத்தேன். சீனி கொஞ்சம் குறைவாகப் போடச் சொன்னேன்.

தாளைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். நேற்று வேலம்மா அத்தை ஏதோ நகல் எடுக்க வந்தவள், அண்ணாந்து பார்த்தாள்.

"என்னா அன்பு, ஓரமெல்லாம் கோடும் வட்டமுமா கெடக்கு? வெட்டிட்டு மாட்டக் கூடாதா?"

"வெட்டுனா என் பேரு போயிரும்லா, அத்தே."